காவிக் கோடு

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுறது.

நான் இன்னும் இருக்கேன். முட்டி ரெண்டும் தனித்தனியா கட்சி நடத்துது, மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. அங்க நீயும் என் தங்கச்சியும் எப்படி இருக்கீங்க? உன் இருமல் உன்னை விட்டுதா, இல்ல உன்னை மாதிரியே நல்ல இடமாப் பார்த்து உக்காந்துக்கிச்சா?

விஷயத்துக்கு வர்றேன். நம்ம லைப்ரரிக்கு வர்ற டிசம்பரோட நாப்பது வயசாம். கமிட்டி கூடிப் பேசி, முன்வாசல்ல ஒரு கல்லு பதிக்கிறதுன்னு முடிவு பண்ணிருக்காங்க. அதுல யார் பேரு தெரியுமா? கல்லு சுமந்தவங்க, கலவை போட்டவங்க, பின்பக்கத்துல பதினோரு படியும் போட்ட ஒரு அழகன் (பேரு சொல்ல மாட்டேன், இந்தக் கடிதாசி எழுதுறவன்), அத்தனை பேரையும் விட்டுட்டு உன் பேரு மட்டும். வாசலுக்கு ரெண்டு பக்கமும் இருபது கல்லுல நீ செதுக்கி ஏத்தின பூங்கொடிக்காக. தலைவர் எந்திரிச்சு 'ஊருக்கே பெருமை'ன்னாரு. ஊரை விட்டுப் போய் முப்பத்தஞ்சு வருஷம் ஆனவன் ஊருக்குப் பெருமை. ஊர்லயே உக்காந்திருக்கவன் ஊருக்கு என்னவோ.

நான் கை தட்டினேன். சத்தமாவே தட்டினேன். வேணும்னா விசாரிச்சுப் பாரு.

அப்புறம் ஒரு சின்ன சங்கதி. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்து, உன் கொடியை ஒரு தடவை பார்ப்போமேன்னு நின்னேன். இடது பக்கம் கீழ இருந்து ரெண்டாவது கல்லும் அஞ்சாவது கல்லும் தோல் உரியுது மாப்பிள்ளை. விரலாலதான் தொட்டேன். இவ்வளவு பெரிய சில்லு, வெங்காயத் தோல் மாதிரி கையோட வந்துடுச்சு. சட்டைப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கேன். சொன்னா தபால்ல அனுப்புறேன், உன் பேருக்குப் பக்கத்துல ஒட்டிக்கலாம்.

பயப்படாதே. நாப்பது வயசானா யாருக்கும் தோல் கெடத்தான் செய்யும். என் படியில மட்டும் ஏனோ ஒண்ணும் உரியல. தெரு நாய் படுத்துப் படுத்துப் பளபளன்னு கிடக்கு.

தங்கச்சியை விசாரிச்சேன்னு சொல்லு.

உன் மேல உயிரையே வச்சிருக்கும்
மச்சான்

*

ஜனவரி 28

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்திவிட்டீர்களா என்று உங்கள் தங்கை கேட்கிறாள். நிறுத்தியிருப்பீர்கள் என்றும் அவளே சொல்கிறாள். எனக்கு இருமல் காலையில் மட்டும். மற்ற நேரம் நன்றாக இருக்கிறேன்.

பெயர் பதிப்பதைக் கேட்டுக் கூச்சமாக இருந்தது. அங்கே இருக்க வேண்டியது மாமாவின் பெயர். நம் இருவர் கையிலும் உளியைக் கொடுத்து, வேலையையும் பிரித்துக் கொடுத்தவர் உங்கள் அப்பாதான்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான். மணற்கல் உரிகிறது என்றால் எனக்குத் தெரிந்து ஒரே காரணம். மலையில் அடுக்கடுக்காகப் படுத்திருந்த கல் அது. சுவரிலும் அதே வாக்கில் படுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டால், மழையில் நிற்க வைத்த புத்தகம் போல ஒவ்வொரு தாளாகப் பிரியும். நம் கல்லில் அடுக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் குவாரியில் கல்லைப் புரட்டும் முன்பே மேல்பக்கத்தில் காவியால் ஒரு கோடு இழுப்போம். அந்தக் கோட்டைப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட நான் வைத்ததில்லை.

ஆகவே இது வேறு ஏதாவதாக இருக்கும். மேலே குழாய் ஒழுகுகிறதா? கூரைத் தண்ணீர் சுவரில் இறங்குகிறதா? சிரமம் பார்க்காமல் பார்த்து எழுதுங்கள்.

பயிற்சிப் பள்ளியில் இந்த வருஷம் என்னிடம் பதினாறு பேர். வரும் வாரம் அவர்களுக்கு இதே பாடம்தான்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

பிப்ரவரி 19

மாப்பிள்ளைக்கு,

ஒத்தடம் நடக்குது, முட்டி நடக்கல. அவ்வளவுதான் என் உடம்பு சேதி. உங்க ரெண்டு பேரு உடம்பும் சுகம்னு வச்சுக்கிட்டு மேல எழுதுறேன்.

குழாயும் ஒழுகல, கூரையும் ஒழுகல. ஏணி போட்டு ஏறிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். இதுக்கு நடுவுல இடது எட்டாவதும் வலது மூணாவதும் உரிய ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு பக்கமும் ஒத்துமையாத்தான் போகுது.

யாரோ ஒரு நல்லவன் நகராட்சி இன்ஜினியரம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டான். யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். சின்னதா ஒரு சுத்தியல் வச்சுக்கிட்டு, டாக்டர் நெஞ்சுல தட்டுற மாதிரி ஒவ்வொரு கல்லா தட்டிக் காது குடுத்துக் கேட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன். சும்மா, நிழலுக்கு.

"பெரியவரே, இந்தக் கல்லை வச்சவரு படுக்கையை மாத்தி வச்சிருக்காரு."

"அப்படியாம்மா? எனக்கு என்னம்மா தெரியும். நான் பின்னாடி படி போட்டவன்."

"படியெல்லாம் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

காது சரியா கேக்கலம்மான்னு சொல்லி இன்னொரு தடவை சொல்ல வச்சேன்.

கமிட்டி பேரு பதிக்கிறதை நிறுத்தி வச்சிருக்கு. உள்ளூர்ப் பத்திரிகையிலயும் வந்துடுச்சு, 'பெருமை உரிகிறது'ன்னு தலைப்பு போட்டு. நல்லா எழுதுறான் அந்தப் பத்திரிகைக்காரன். ரெண்டு பிரதி வாங்கி ஒண்ணை இதோட வச்சிருக்கேன்.

கடைசியா ஒரு ஜோசியம் சொல்றேன் கேளு. ரெண்டு மழை அடிச்சா வலது பக்கம் நாலாவது போகும். போகலேன்னா என் மீசையை எடுத்துக்கிறேன்.

தங்கச்சியை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு. உன்னைப் பார்த்துக்க வேண்டியிருக்கும்.

மச்சான்

*

ஏப்ரல் 3

மச்சானுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். முட்டி வலியோடு ஏணி ஏறினீர்கள் என்று படித்து உங்கள் தங்கை திட்டினாள். இனி ஏற வேண்டாம்.

இந்த ஆறு வாரமும் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். நான் கட்டியவற்றையெல்லாம் தேடிப் போய்ப் பார்த்தேன். ஆற்றுப் பாலம், நீதிமன்றத்தின் முகப்பு, பெரிய வங்கியின் சுற்றுச்சுவர். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கை எட்டும் கல்லையெல்லாம் தட்டினேன். வங்கிக் காவலாளி வந்து, "ஐயா, என்ன பண்றீங்க?" என்றார். "நான் கட்டினதுப்பா. சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். "கட்டும்போதே பார்த்திருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எல்லாம் நல்ல சத்தம்தான் கொடுத்தன. ஆனால் அந்தச் சத்தத்தை நம்பலாமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. ஒரு வாசலில் ஏமாந்த காது இன்னொரு வாசலில் ஏமாறாது என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பருவத்தோடு வேலையை விடுவதாகப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பாக வைத்தவன், எப்படி வைப்பது என்று பதினாறு பேருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

உங்களிடம் ஒரு உதவி. அந்தக் கற்களுக்குக் குவாரியில் கோடு போட்டது நீங்கள்தான். எனக்காகக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோடு அழிந்த கல் ஏதாவது வந்ததா? நான் அவசரத்தில் குத்துமதிப்பாக வைத்தேனா? எனக்கு மறந்துபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். என் தப்பு இன்னதென்று தெரிந்தால் போதும்.

மாப்பிள்ளை

*

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம்தானே. நான் சுகம். இவ்வளவு சீக்கிரம் நான் யாருக்கும் பதில் போட்டதில்ல, தபால்காரர் ஆச்சரியப்படுவாரு.

நாப்பது வருஷத்துக்கு முந்தி போட்ட கோட்டைக் கேக்குறே. முந்தாநாள் கண்ணாடியை எங்க வச்சேன்னு எனக்குத் தெரியல, மூக்குலயே இருந்துச்சு. கோடு போட்டோம், வண்டி வந்துச்சு, ஏத்தினோம். அவ்வளவுதான் ஞாபகம். நீ கண்டதையும் போட்டுக் குழப்பிக்காதே.

எனக்கு வேற ஒண்ணுதான் நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா நம்ம ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பூ செதுக்கிக் காட்டச் சொன்னாரே, அது. ரெண்டையும் தரையில வச்சோம். என்னுதைக் குனிஞ்சு பார்த்தாரு. உன்னுதைக் கையில எடுத்துப் பார்த்தாரு. மறுவாரம் முன்வாசல் உனக்கு, பின்படி எனக்கு. பெத்த மகன் நான், அவரு வீட்டுல பொண்ணு எடுத்தவன் நீ. போகட்டும். படியும் வேணுமே. படி இல்லேன்னா உன் கொடியைப் பார்க்க வர்றவன் பின்பக்கமா எப்படி வெளிய போவான்?

பள்ளிக்கூடத்தை விடுறியாமே. எனக்கு விடுறதுக்குக்கூட ஒரு பள்ளிக்கூடம் இருந்ததில்ல. அவசரப்பட்டு எதையும் பண்ணாதே. நான் சொன்னா நீ எங்க கேக்கப் போறே.

ஜோசியம் பலிச்சுது. வலது நாலாவது போச்சு, கூடவே ஏழாவதும் போச்சு. மீசை தப்பிச்சுது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. வலது ஒன்பதாவது மட்டும் ஒண்ணுமே தெரியாத மாதிரி கெட்டியா நிக்குறான் கள்ளன்.

தங்கச்சி ஏன் ஒரு வரி எழுத மாட்டேங்குறா?

மச்சான்

*

ஜூன் 15

அண்ணனுக்குத் தங்கச்சி எழுதுறேன்.

உன் முட்டியைப் பத்திக் கேக்கணும்னுதான் பேனாவை எடுத்தேன். அதைக் கடைசியில கேக்குறேன்.

நீ ஏப்ரல்ல எழுதின கடிதாசி இங்க மேசை மேலயே கிடக்கு. உன் மாப்பிள்ளை காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல வாசலை வரைஞ்சாரு. இடது பத்து கட்டம், வலது பத்து கட்டம். உன் கடிதாசியை ஒவ்வொண்ணா எடுத்து, நீ எழுதின கல்லுக்கெல்லாம் புள்ளி வச்சாரு. ஆறு புள்ளி. அப்புறம் ஒன்பதாவது கட்டத்துல பென்சிலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, நான் துணி துவைச்சுக் காயப் போட்டுட்டு வர்ற வரைக்கும்.

"இது உரியவே இல்லையே. உங்கண்ணன் ஏன் இதை எழுதினாரு? இன்னும் ஒண்ணுதான் பாக்கின்னா, எதை வச்சு எண்ணினாரு?"

"அண்ணனுக்கு என்ன, கேலிக்கு ஏதோ எழுதியிருக்கும்"னேன்.

"ஆமா, இருக்கும்"னாரு. தாளை மடிச்சு வச்சுட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. பள்ளிக்கூடத்துக்குக் கடைசி மாசம் போயிட்டு வர்றாரு. சாப்பிடக் கூப்பிட்டா வர்றாரு. ஏதாவது கேட்டா பதில் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குண்ணே.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். நீ குவாரியில இருந்து நேரா எங்க வீட்டுக்கு வந்தே. கையெல்லாம் காவி. சொம்பு நிறையத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "உன் புருஷனுக்கு இன்னைக்கு ஏழு நல்ல கல்லு பொறுக்கி வச்சிருக்கேன்"னு சொல்லிச் சிரிச்சே. நானும் சிரிச்சேன். அண்ணன் பார்த்துப் பார்த்து எடுத்து வச்சிருக்குன்னு சந்தோஷம் எனக்கு. வந்தது இருபது கல்லு. ஏழுன்னு நீ ஏன் சொன்னேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

ஆமான்னு எழுது, இல்ல இல்லேன்னு எழுது. நையாண்டி வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

முட்டி எப்படி இருக்கு?

தங்கச்சி

*

ஜூலை 2

தங்கச்சிக்கு,

ஆமா.

நீ கேட்டது இவ்வளவுதான். ஆனா இதை மட்டும் மடிச்சு உறையில போட்டா காலித் தாளு மாதிரி இருக்கு. அதனால மிச்சத்தையும் எழுதுறேன்.

முன்வாசல் மாப்பிள்ளைக்குன்னு எனக்கு அப்பா சொல்லல. குவாரியில வண்டிக்காரரு சொல்லித்தான் தெரியும். அப்ப என் கையில காவிக்கட்டி இருந்துச்சு. இருபது கல்லு வரிசையா கிடந்துச்சு. மேல போட வேண்டிய கோட்டைப் பக்கவாட்டுல போட்டேன். இங்கொண்ணும் அங்கொண்ணுமா ஏழு கல்லுக்குப் போட்டேன். மனசு கேக்காம நிறுத்தினேன்னு நினைச்சுக்காதே. அப்பா வந்து பக்கத்துல நின்னுட்டாரு, அதனால மிச்சத்துக்கு ஒழுங்காப் போட்டேன்.

மறுநாள் போய் மாத்திடலாம்னு இருந்தேன். மறுநாள் வண்டி கிளம்பிடுச்சு. அப்புறம் மாப்பிள்ளை கண்டுபிடிச்சு, அப்பாகிட்ட சொல்லி, எனக்கு உதை விழும்னு காத்திருந்தேன். கெட்டிக்காரனாச்சே. கண்டுபிடிக்கல. கொடியை ஏத்தினான், திறப்பு விழா நடந்துச்சு, எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. அத்தனை பேருல எனக்கு மட்டும்தான் தெரியும், அது உரியும்னு. அவனுக்கு ஒவ்வொரு ஊர்ல இருந்தும் ஆள் வந்தப்பல்லாம், மெடல் குடுத்தப்பல்லாம், நான் அந்த வாசல் வழியா ஒரு நடை நடந்துட்டு வந்து சாப்பிட்டேன். சுவத்துல ஏத்துறப்பவே எது எதுன்னு பார்த்து ஏழையும் மனப்பாடமா வச்சிருந்தேன்.

இன்ஜினியரம்மாவைக் கூட்டிட்டு வந்ததும் நான்தான்.

இதை அவன்கிட்ட நீ படிச்சுக் காட்டு. அவனுக்கு எழுத எனக்கு வரல.

முட்டி நல்லா இருக்கு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 6

மச்சானுக்கு,

உங்கள் தங்கை படித்துக் காட்டினாள்.

அந்த ஏழு கற்களும் செதுக்கும்போதே வேறு மாதிரி பேசின. மற்றவற்றில் உளி பட்டால் சத்தம் கணீரென்று திரும்பி வரும். இவை சத்தத்தை உள்ளே வாங்கிக்கொண்டன. முதல் கல்லில் அரை நாள் நின்றேன். புரட்டிப் போடலாம் என்று கடப்பாரையைக் கையில் எடுத்தேன். பிறகு கோட்டைப் பார்த்தேன். கோட்டின் முனையில் வால் வளைந்திருந்தது. இந்த வால் நீங்கள் போடும் கோட்டுக்குத்தான் உண்டு. என் மனைவியின் அண்ணன் போட்டது தப்பாக இருக்காது, என் காதுதான் தப்பு என்று கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். சத்தத்தைக் கேட்டும் வைத்தவன் நான், தவறு என்னுடையது, என் பெயரைப் பதிக்க வேண்டாம் என்று. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். நீங்களும் எதுவும் செய்ய வேண்டாம். இந்த வயதில் ஊரில் தலை நிமிர்ந்து நடங்கள்.

உங்கள் தங்கை உங்களுக்கு எதுவும் எழுதச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை

*

செப்டம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

உடம்பைப் பத்தியெல்லாம் கேக்குற யோக்கியதை இப்ப எனக்கு இல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

உன் கடிதாசியைத் தலைவர் கூட்டத்துல வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. தப்பை ஒத்துக்குற மனசு யாருக்கு வரும், பெரிய மனுஷன்னா இவருதான்னு. உன் பேரை முன்னைவிடப் பெரிய எழுத்துல பதிக்கணும்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு வயிறு எரிஞ்சுது மாப்பிள்ளை. முன்வாசலை எடுத்துக்கிட்டே, சரி. அப்பாவை எடுத்துக்கிட்டே, சரி. நான் என் கையால பண்ணின ஒரே பெரிய காரியம் இந்தத் தப்பு. அதையும் நீயே தூக்கிட்டுப் போனா இந்த ஊர்ல எனக்குன்னு என்னதான் இருக்கு? பின்படியும் நாயும்.

எந்திரிச்சேன். "அந்தக் கோட்டை மாத்திப் போட்டது நான்"னேன்.

கூட்டமே சிரிச்சுது.

தலைவர், "உக்காருங்க பெரியவரே. இன்னைக்கு என்ன புதுசா?"ன்னாரு.

"கேலி இல்லய்யா. நிஜம்."

"போன மாசம் குளத்துல முதலை இருக்குன்னு சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க. என் சம்சாரம் இன்னும் அந்தப் பக்கம் போறதில்ல."

பத்திரிகைக்காரன் எந்திரிச்சுட்டான். "மச்சான்னா இப்படி இருக்கணும். மாப்பிள்ளை மானத்தைக் காப்பாத்த பழியைத் தன் தலையில போட்டுக்குறாரு பாருங்க"ன்னான். கை தட்டினாங்க. எனக்கு, மாப்பிள்ளை. எல்லாரும். நாப்பது வருஷம் ஏங்கின கைதட்டு, வந்ததுதான் வந்துச்சு, இப்படியா வரணும். உக்காந்துட்டேன். உன்கிட்ட எதுக்கு மறைக்கணும், ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் திரும்ப எந்திரிச்சேன். கூட்டத்துக்கு வந்திருந்த இன்ஜினியரம்மாவைப் பார்த்து, "வலது ஒன்பதாவதைக் கழட்டிப் பாருங்கம்மா"ன்னேன்.

"அது நல்ல கல்லு பெரியவரே. நானே தட்டிப் பார்த்தேன்."

"இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத் தட்டினா உங்களுக்கே தெரியும். நான் அது வரைக்கும் இருக்க மாட்டேன். இப்பவே கழட்டுங்க."

மறுநாள் காலையில கழட்டினாங்க. தரையில வச்சு வாளித் தண்ணியை ஊத்தினாங்க. தண்ணி காயக் காய அடுக்கு கோடு கோடாத் தெரிஞ்சுது. படுத்திருக்கல, அத்தனையும் நெட்டுக்குத்தா நின்னுச்சு. மேல்பக்கத்துக் கலவையைச் சுரண்டினா அடியில காவி, நேத்து போட்ட மாதிரி. அந்தம்மா என் கையில ஒரு செங்கல் துண்டைக் குடுத்து, "சுவத்துல ஒரு கோடு போடுங்க பெரியவரே"ன்னாங்க. போட்டேன். வால் வளைஞ்சுது. அவங்க கல்லையும் சுவத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. யாரும் சிரிக்கல.

இப்ப டீக்கடையில நான் ஏதாவது சொன்னா எல்லாரும் டம்ளரையே பாக்குறாங்க. பெஞ்சுல எனக்கு மட்டும் தாராளமா இடம் கிடைக்குது. பத்திரிகைக்காரன் என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டான். இந்தத் தடவை பிரதி வாங்கல.

உன் பேரு பதிக்கிறது உறுதியாயிடுச்சு. ஏழு கல்லும் புதுசா மாத்தணுமாம், நீயே வந்து செதுக்கணும்னு கேக்குறாங்க. பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போடு, வேலையை விடலேன்னு. உன் காது சரியாத்தான் இருந்திருக்கு.

மச்சான்

*

செப்டம்பர் 29

மச்சானுக்கு,

கமிட்டியின் கடிதமும் இன்ஜினியர் அனுப்பிய படங்களும் வந்தன.

பருவம் முடிந்தும் பள்ளியில் என்னைப் போக விடவில்லை. பதினாறு பேருக்கும் அந்த ஏழு கற்களைப் பாடமாக நடத்தினேன். கோடு போட்டவர் யார் என்று ஒருவன் கேட்டான். சொல்லவில்லை.

நான் வந்து செதுக்க முடியாது. பேசலாம், நடக்கலாம், கல் தூசு மட்டும் ஒரு நாள்கூட ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏழு கற்களையும் நீங்கள் செதுக்குங்கள். தலைவர் ஒப்புக்கொள்ள மறுத்தார். பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடியின் படம் இத்துடன் வருகிறது. உங்கள் கொடியாக அது இருக்கக் கூடாது. நல்ல கற்களில் இருக்கும் என் கொடியோடு போய்ச் சேர வேண்டும், சேர்ந்த இடம் தெரியக் கூடாது.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எனக்கு இன்னும் வரவில்லை. கொடி ஏழு இடத்தில் அறுந்து நிற்கிறது. மாமாவிடம் உளி பிடித்த கை இன்னொன்று இருக்கிறது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை

*

நவம்பர் 10

மாப்பிள்ளைக்கு,

இருமல் எப்படி இருக்கு? இந்தத் தடவை தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

குவாரிக்கு இன்ஜினியரம்மாவும் கூட வந்தாங்க. கோட்டை அவங்களே போட்டாங்க. காவிக்கட்டியை என் கையில தரல. நானும் கேக்கல.

முன்வாசல்ல சாரம் கட்டி, எனக்கு ஒரு முக்காலி போட்டுக் குடுத்திருக்காங்க. அதுல உக்காந்து ஒரு மாசம் ஆச்சு. மூணு கல்லு முடிஞ்சுது. உன் படத்தை ஒட்டி வச்சுக்கிட்டு, பக்கத்துக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் வேலை நடக்குது. என் கை பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், உன் கொடி வேற பக்கம் போகும், நான் என் கையை இழுத்துப் பிடிச்சு உட்கார வைக்கணும். படிக்க வந்த ஒருத்தரு நேத்து நின்னு பார்த்துட்டு, "எது புதுசுன்னே தெரியலையே"ன்னாரு. என் வாழ்க்கையிலேயே பெரிய பாராட்டு அதுதான். அதுவும் உன் பேருலதான் போய்ச் சேரும். எரியத்தான் செய்யுது. எரிஞ்சுக்கிட்டே செதுக்குறேன்.

யாரு வேணா பண்ணலாம்னு நாப்பது வருஷமா டீக்கடையில சொல்லிட்டு இருந்தேன். யாரு வேணா பண்ண முடியாது.

வலது நாலாவதுலதான் நிக்குறேன். அங்க தண்டு ஒரு இலைக்குப் பின்னாடி புகுந்து அந்தப் பக்கம் வெளிய வருது. மேல அஞ்சாவது கல்லுலயும் அதே மாதிரி ஒண்ணு பண்ணிருக்கே, அது நல்ல கல்லு, அப்படியே இருக்கு. அதோட இடுக்குல சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளேயும் வழுவழுன்னு தேய்ச்சிருக்கே. ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாத இடம். அப்பா உன்னுதை ஏன் கையில எடுத்துப் பார்த்தாருன்னு விரலை வெளிய எடுக்குறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நான் முன்பக்கமா உளியை விட்டேன், இலை உடைஞ்சுது. வேற கல்லு எடுத்துக் கீழ இருந்து போனேன், தண்டு உடைஞ்சுது. ரெண்டு கல்லு வீண். மூணாவது கல்லு இப்ப என் முன்னாடி இருக்கு.

நாம ரெண்டு பேரும் ஒரே பட்டறையில உக்காந்த நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் உன்கிட்ட நான் எதையும் கேட்டுக்கிட்டதில்ல. இப்ப கேக்குறேன். எந்தப் பக்கமா போனே? முதல்ல பிரிச்சது இலையையா, தண்டையா? எந்த உளி? தங்கச்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிதானமா எழுது, படம் போட்டு எழுது. பதில் வர்ற வரைக்கும் நான் இந்தக் கல்லைத் தொட மாட்டேன். யாராவது கேட்டா, உளி தீட்டிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிக்கிறேன்.

மச்சான்